அறிஞர் வாழ்ந்த வீடும் சுவரில் ஒரு வட்டப் பலகையும்

இலண்டனின் பிளீட் தெருவிலிருந்து வடக்கே பிரியும் சந்துகள், எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய அளவுக்குக் குறுகலானவை. அவற்றுள் ஒன்றன் வழியே உள்ளே சென்றால் காஃப் சதுக்கம் என்ற சிறிய முற்றம் வரும். அங்கே 17ஆம் எண்ணுள்ள பழைய செங்கல் வீட்டின் சுவரில் மண்பழுப்பு நிறத்தில் ஒரு வட்டப் பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. டாக்டர் சாமுவேல் ஜான்சன் என்ற எழுத்தாளர் இங்கே வாழ்ந்தார், 1709இல் பிறந்தார், 1784இல் இறந்தார் என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் இல்லை. பலகை வைக்கப்பட்ட ஆண்டு 1876.

அந்த வீட்டின் மாடியில்தான் ஆங்கில மொழியின் பெரும்புகழ் பெற்ற அகராதிகளுள் ஒன்று உருவாயிற்று. பலகையோ அகராதியைப் பற்றி மூச்சு விடவில்லை. இத்தகைய பலகைகள் எதற்காக வைக்கப்படுகின்றன, யார் வைக்கிறார்கள், எந்த விதிகளின்படி வைக்கிறார்கள், எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பவற்றை, இலக்கிய அறிஞர்களின் வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்தக் கட்டுரை விளக்குகிறது. இலக்கிய அறிஞர் என்று இங்கே சொல்வது கவிஞரையும் நாவலாசிரியரையும் அன்று. அகராதி தொகுத்தவர், பழைய நூல்களைப் பதிப்பித்தவர், உரை எழுதியவர், திறனாய்வு செய்தவர் ஆகியோரை. ஒருவரே இரண்டுமாக இருந்தால் பலகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பின்னால் பார்ப்போம்.

முதலில் நினைவுப் பலகை என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு மனிதருக்கும் ஒரு கட்டடத்துக்கும் இருந்த உறவை, அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரிலேயே, தெருவில் போகிறவர் படிக்கும்படி எழுதி வைப்பதுதான் நினைவுப் பலகை. சிலையை ஊரின் எந்த நாற்சந்தியிலும் நிறுத்தலாம். கல்லறை உடல் புதைந்த இடத்தைக் காட்டும். நினைவு இல்லத்துக்குள் நுழைய வேண்டும், பல இடங்களில் நுழைவுச் சீட்டும் வாங்க வேண்டும். பலகை இவற்றிலிருந்து வேறுபட்டது. அது பதித்திருக்கும் வீட்டில் இன்று வேறு யாரோ குடியிருப்பார்கள். கீழ்த்தளத்தில் பல் மருத்துவமனையோ காப்பிக் கடையோ நடந்துகொண்டிருக்கும். அவர்களுக்கு எந்த இடையூறும் இல்லாமல் வீட்டின் பழைய வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு செய்தியை மட்டும் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

நம் ஊர்ப் பேருந்து நிலையங்களிலும் நூலகங்களிலும் காணப்படும் திறப்பு விழாக் கல்வெட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தக் கல்லில் திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று ஒரு பட்டியலே இருக்கும். யாருடைய பெயரால் கட்டடம் எழுந்ததோ அவருடைய பெயர் சில சமயம் மேல் வரிசையில் சின்ன எழுத்தில் ஒதுங்கியிருக்கும். இலண்டன் பலகையில் திரை விலக்கியவரின் பெயருக்கு இடமில்லை. வைத்த அமைப்பின் பெயர் மட்டும் விளிம்பில் சிறிய எழுத்தில் ஓடும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்த வட்டப் பலகைகளின் மேல் தனி மதிப்பு உண்டு.

இந்தப் பழக்கத்தை இலண்டனில் தொடங்கி வைத்த யோசனை 1863ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்தது. எழுப்பியவர் வில்லியம் யூவர்ட் என்ற உறுப்பினர். பொது நூலகங்களுக்கு வழிசெய்த 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னாலும் நின்றவர் அவரே. தலைநகரில் பெயர்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளை அரசே அடையாளப்படுத்த வேண்டும் என்று அவர் கேட்டார். அரசு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கலைச் சங்கம் என்ற தனியார் அமைப்பு 1866இல் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, மறு ஆண்டே முதல் பலகையை ஹோல்ஸ் தெருவில் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் பதித்தது. 1889இல் அந்த வீடு இடிக்கப்பட்டபோது பலகையும் போயிற்று. அதே 1867இல், பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தங்கியிருந்த வீட்டில் பதித்த பலகைதான் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது.

கலைச் சங்கம் 35 ஆண்டுகளில் 35 பலகைகளை வைத்தது. அவற்றில் பாதிக்கும் குறைவானவையே மிஞ்சியிருக்கின்றன. 1901இல் பொறுப்பு இலண்டன் மாவட்ட மன்றத்துக்கும், 1965இல் பெருநகர் இலண்டன் மன்றத்துக்கும், 1986இல் பழைய கட்டடங்களைப் பேணும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்புக்கும் கை மாறியது. இப்போது மொத்தம் 1,000க்கு மேற்பட்ட பலகைகள் உள்ளன. யோசனை சொன்ன யூவர்ட்டுக்கும் ஒரு பலகை கிடைத்தது. அவர் நாடாளுமன்றத்தில் பேசி சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1963இல், ஈட்டன் பிளேஸில் அவர் வாழ்ந்த வீட்டில் அது பதிக்கப்பட்டது.

மக்கள் பொதுவாக இவற்றை ‘நீலப் பலகை’ என்றே அழைக்கிறார்கள். ஆனால் காஃப் சதுக்கத்தில் இருப்பதைப் போலத் தொடக்க காலப் பலகைகள் பல பழுப்பு நிறத்தவை. நீல மெருகு ஏற்றச் செலவு அதிகம் என்பதே காரணம். பின்னர் வெண்கலம், கல், ஈயம் என்று பலவற்றையும் முயன்று பார்த்துவிட்டு, 1921 முதல் நீலப் பீங்கானையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். இன்று நாம் காணும் எளிய வடிவம் 1938இல் கலைப் பள்ளி மாணவர் ஒருவர் வரைந்தது. அவருக்குக் கூலியாகக் கிடைத்தது நான்கு கினி (ஒரு பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட பழைய பிரிட்டிஷ் நாணய மதிப்பு). பெயர் பதிவாகவில்லை. ஊரிலுள்ளோரின் பெயர்களையெல்லாம் சுவரில் நிலைநிறுத்தும் வடிவத்தை வரைந்தவரின் பெயர் எங்கும் இல்லை என்பது ஒரு வேடிக்கைதான்.

பலகை செய்யும் முறையும் அறிந்துகொள்ளத் தக்கது. சுமார் 495 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் கனமும் கொண்ட களிமண் வட்டின் மேல், குழைந்த களிமண்ணைக் கூம்பு போன்ற பையிலிருந்து பிதுக்கி, ஒவ்வோர் எழுத்தின் விளிம்பையும் கையாலேயே வரைகிறார்கள். ஜாங்கிரி பிழிகிற கை லாகவம் அதற்கு வேண்டும். அந்த மேடான கோடு எழுத்துக்குள் ஊற்றும் வெண்மெருகையும் வெளியே பரப்பும் நீல மெருகையும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுக்கும் வரப்பாக நிற்கிறது. பின்னர் சூளையில் சுடுகிறார்கள். பலகையின் முகம் நடுவில் சற்றே புடைத்திருக்கும். மழைநீர் வழிந்தோடும்போது தூசியும் கழுவப்பட்டுப் போவதற்காக அந்த ஏற்பாடு. சுவரில் ஆணியடித்து மாட்டுவதில்லை. செங்கல்லை வட்டமாக வெட்டிக் குழி எடுத்து உள்ளே இறக்கிப் பூசிவிடுகிறார்கள்.

இனி விதிகளுக்கு வருவோம். ஒருவருக்குப் பலகை வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். ஆனால் அவர் இறந்து 20 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். உயிரோடிருக்கும்போதும் இறந்த கையோடும் ஒருவர் மேல் படியும் புகழ் எவ்வளவு நாள் நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. இருபது ஆண்டுகள் அதற்கு ஒரு சல்லடை. அடுத்து, அவர் வாழ்ந்த அல்லது பணிபுரிந்த அதே கட்டடம் இன்றும் நிற்க வேண்டும். இடித்துக் கட்டிய புதுக் கட்டடம் அதே முகவரியில் இருந்தாலும் இந்தத் திட்டத்தில் செல்லாது. பலகை பொதுத் தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். வீட்டு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பலகைகளுக்கு மேல் கூடாது. ஒருவருக்கு ஒரு பலகைதான். முன்மொழிவுகளைப் பரிசீலிக்கும் குழு மறுத்துவிட்டால் அதே பெயரை மீண்டும் கொண்டுவரப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டாலும் பலகை சுவருக்கு வந்து சேர இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும்.

இந்த விதிகளுள் ஒன்று அறிஞர்களைத் தனியாகப் பாதிக்கிறது. பள்ளி, கல்லூரி, தேவாலயம் போன்ற கட்டடங்களில் இந்தத் திட்டத்தின்கீழ்ப் பலகை வைப்பதில்லை. அங்கெல்லாம் புகழ்பெற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்துபோயிருப்பார்கள்; ஒருவருக்கு வைத்தால் ஒரு நூறு பேருக்கு வைக்க வேண்டிவரும். இதன் விளைவாக, வாழ்நாள் முழுவதும் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியரை அவருடைய வகுப்பறைச் சுவரில் நினைவுகூர வழியில்லை. அவர் இரவில் திரும்பி வந்து விளக்கேற்றி உட்கார்ந்த வீட்டைத்தான் தேடிப் போக வேண்டும்.

அந்த வீட்டைத் தேடுவது அத்தனை எளிதன்று. குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருவதும், அக்கம்பக்கத்தார் கைகாட்டுவதும் போதா. சொத்துவரிப் பதிவேடு, 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்கில் ஆட்களின் பெயரும் வயதும் எழுதிய தாள்கள், வாக்காளர் பட்டியல், தெருவாரியாகக் குடியிருப்போரை அச்சிட்ட முகவரிப் புத்தகங்கள், கடிதங்களின் தலைப்பில் எழுதிய முகவரிகள் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இங்கே அறிஞர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இவர்களில் பலர் வசதியில்லாதவர்கள். ஒரு வீட்டின் மாடி அறையை மட்டும் வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தவர்கள். வரிப் பதிவேட்டில் வரி கட்டியவரின் பெயர் இருக்குமே தவிர மாடியில் குடியிருந்தவரின் பெயர் இராது. இது போதாதென்று தெருக்களுக்குப் பெயரையும் வீடுகளுக்கு எண்ணையும் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பழைய கடிதத்தில் 12 என்று எழுதியிருக்கும் வீடு இன்றைய 12ஆம் எண் வீடுதானா என்பதைப் பழைய நிலப்படத்தையும் புதிய நிலப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, தெரு முனையிலிருந்து ஒவ்வொரு வீடாக எண்ணிக்கொண்டு வந்துதான் உறுதிசெய்ய முடியும்.

ஜான்சனையே எடுத்துக்கொண்டால், இலண்டனில் அவர் மாறி மாறிக் குடியிருந்த இடங்கள் பதினேழு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் இன்று நிற்பது காஃப் சதுக்கத்து வீடு ஒன்றே. 1748 முதல் 1759 வரை அங்கே இருந்தார். கடைசியாக வாழ்ந்து உயிர்விட்ட போல்ட் கோர்ட் வீடு 1819இல் எரிந்துபோயிற்று. நகரின் நடுப்பகுதியான ‘சிட்டி’ எல்லைக்குள் அந்த நகரவையே தனியாகப் பலகை வைக்கும் உரிமையை 1879இல் பெற்றுக்கொண்டதால், அங்கே பிற்காலப் பலகைகள் பெரும்பாலும் நீள்சதுரமாக இருக்கும். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வந்துவிட்ட ஜான்சன் பலகை மட்டும் அந்த எல்லைக்குள் பொதுத் திட்டத்தின் ஒரே வட்டப் பலகையாகத் தனித்து நிற்கிறது.

பலகையின் வாசகம்தான் இந்தத் துறையில் மிக நுட்பமான பகுதி. அந்தச் சிறிய வட்டத்துக்குள் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, என்ன செய்தார், வீட்டோடு என்ன உறவு என்ற அனைத்தும் அடங்க வேண்டும். எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்பவருக்கும் எழுத்து தெரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு சொல்லும் கணக்குப் பார்த்து வைத்த சொல். குறிப்பாக வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘இங்கே வாழ்ந்தார்’ என்பது வேறு, ‘இங்கே தங்கினார்’ என்பது வேறு. ஹாம்ஸ்டெட் பகுதியில் தாகூருக்கு ஒரு பலகை உண்டு. 1912இல் இந்தியக் கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் இங்கே தங்கினார் என்பதே அதன் வாசகம். சில மாதங்கள் விருந்தாளியாகவோ வாடகைக்கோ இருந்தவரை ‘வாழ்ந்தார்’ என்று எழுதிவிடக் கூடாது என்பதில் அத்தனை கண்டிப்பு. வேறு சில அமைப்புகளின் பலகைகளில் ‘இந்த இடத்தில் இருந்த வீட்டில்’ என்று தொடங்கும் வாசகத்தைப் பார்த்தால், நாம் அண்ணாந்து பார்க்கும் சுவர் அவர் பார்த்த சுவரன்று என்று புரிந்துகொள்ள வேண்டும்.

புகழ்ச்சிக்கு இடமில்லை என்பதும் இந்த மரபின் அடையாளம். ஃபிட்ஸ்ராய் சதுக்கம் 29ஆம் எண் வீட்டில் இதை நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 1887 முதல் 1898 வரை வாழ்ந்த நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவுக்கு உள்ளூர் நகரவை 1951இல் ஒரு பலகை வைத்தது. அவர் தம் மேதைமையின் கருவூலத்திலிருந்து உலகை வளப்படுத்தினார் என்று அது பேசுகிறது. அதே வீட்டில் 1907 முதல் 1911 வரை வாழ்ந்த வர்ஜீனியா உல்ஃபின் நீலப் பலகையோ, நாவலாசிரியர், திறனாய்வாளர் என்ற தொழிற்பெயர்களோடு நின்றுவிடுகிறது. இரண்டில் எது நெஞ்சில் நிற்கிறது என்பது அவரவர் சுவை. இரண்டாவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அறிஞர்களுக்கு வாசகம் எழுதும்போதுதான் உண்மையான தடுமாற்றம் தொடங்குகிறது. ‘கவிஞர்’ என்றால் எல்லோருக்கும் புரியும். படிக்குப் படி மாறும் பாட வேறுபாடுகளை ஒப்பிட்டு ஒரு பழைய நூலைச் செம்மைப்படுத்தியவரை இரண்டு சொல்லில் எப்படிச் சொல்வது? வர்ஜீனியா உல்ஃபின் தந்தை லெஸ்லி ஸ்டீபன், பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதிக்கு முதல் பதிப்பாசிரியர். ஹைட் பார்க் கேட் 22ஆம் எண் வீட்டில் அவருக்குப் பலகை இருக்கிறது. ‘அறிஞர், எழுத்தாளர்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்; அகராதியின் பெயர் இல்லை. ஹைகேட் பகுதியில் ஹவுஸ்மன் வாழ்ந்த வீட்டுப் பலகை அவரைக் ‘கவிஞர், அறிஞர்’ என்று இரண்டாகவும் குறிப்பிடுகிறது. இலத்தீன் பேராசிரியரான அவர் தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டது மனிலியஸ் என்ற பழைய இலத்தீன் கவிஞரின் நூலைப் பதிப்பிப்பதில். ஆனால் பலகையில் பெயர் சொல்லப்படுவது 1896இல் அவர் வெளியிட்ட மெல்லிய கவிதைத் தொகுப்புத்தான்.

ஆக்ஸ்போர்டில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. நார்த்மூர் சாலை 20ஆம் எண் வீட்டில் 1930 முதல் 1947 வரை டோல்கீன் வாழ்ந்தார். குடி வந்தபோது அவர் பழைய ஆங்கில மொழிக்குப் பேராசிரியர். பேவுல்ஃப் என்ற பழங்காவியத்தைப் பற்றி 1936இல் அவர் ஆற்றிய உரை அந்த ஆய்வுத் துறையின் போக்கையே மாற்றியது. 2002இல் வைத்த நீலப் பலகை அவரை ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலின் ஆசிரியர் என்று மட்டும் அறிமுகப்படுத்துகிறது. இதைக் குறை சொல்ல முடியாது. தெருவில் போகிறவரில் நூற்றுக்கு எத்தனை பேர் பேவுல்ஃபைத் தேடி வரப்போகிறார்கள்? ஆனாலும் பலகை என்பது ஒருவர் செய்த வேலையின் அளவுகோல் அன்று, வழிப்போக்கருக்கு ஏற்கெனவே எது தெரியுமோ அதைப் பிடித்துக்கொண்டு அவரை நிறுத்தும் கொக்கி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஜான்சன் பலகை அகராதியைச் சொல்லாமல் விட்டதும் ஒருவேளை இதன் மறுபக்கம்தான். 1876இல் ஜான்சன் என்ற பெயருக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

இத்தனை குறைவாகச் சொல்லும் பலகைக்கு ஒரு நியாயமும் உண்டு. கவிஞரின் வீடு பெரும்பாலும் அவர் உறங்கிய வீடு. கவிதை ஆற்றங்கரையில் தோன்றியிருக்கலாம், பயணத்தில் தோன்றியிருக்கலாம். அறிஞரின் வீடோ அவருடைய பட்டறை. நூல்கள் அங்கே இருந்தன, குறிப்புச் சீட்டுகள் அங்கே இருந்தன, உதவியாளர்கள் அங்கே வந்து போனார்கள். காஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடியில் கணக்கர் அலுவலகம் போல நீண்ட மேசை போட்டு ஆறு எழுத்தர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜான்சன் பழைய நூல்களைப் படித்துக்கொண்டே போவார். தக்க சொல் வந்த இடத்தில் கரிப் பென்சிலால் அடிக்கோடிட்டு, அதன் முதலெழுத்தை ஓரத்தில் குறிப்பார். எழுத்தர்கள் அந்த வரியைச் சீட்டில் படியெடுத்து அகரவரிசையில் சேர்ப்பார்கள். இரவல் கொடுத்த நூல் கோடும் கிறுக்கலுமாகத் திரும்பி வந்ததைக் கண்டு நண்பர்கள் முணுமுணுத்தார்கள். நூல் விற்பனையாளர்கள் 1746இல் பேசிய தொகை 1,500 கினி. எழுத்தர்களுக்குக் கூலியும் அதற்குள்ளேதான். 1752இல் மனைவியை இழந்ததும் அந்த வீட்டில் இருந்தபோதுதான். 1755 ஏப்ரலில் சுமார் 42,000 சொற்களோடு இரண்டு பெரிய தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. அகராதி எழுதுபவர் யார் என்பதற்கு அதிலேயே ஒரு பொருள் தந்திருக்கிறார்: யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு மாட்டுழைப்பாளி.

இலண்டன் முறை ஒன்றே முறை என்று எண்ணிவிட வேண்டாம். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக நகரில் 1874 முதல் வெள்ளைச் சலவைக்கல் பலகைகளை வீடுகளில் பதித்து வருகிறார்கள். இன்று அவை 300க்கும் மேல். அந்தச் சிறிய ஊரில் வாடகைக்கு அறை எடுத்துப் படித்தவர்கள், பாடம் சொன்னவர்கள் என்று தெருவுக்குத் தெரு பெயர்கள். பெயர், துறை, ஊரில் இருந்த ஆண்டுகள் ஆகியவற்றோடு வாசகம் முடிந்துவிடும். தேவதைக் கதைகளால் நமக்குத் தெரிந்த கிரிம் சகோதரர்கள் அங்கே மொழியறிஞர்களாகத்தான் வாழ்ந்தார்கள். அரசியல் சட்டத்தை ரத்து செய்த மன்னரை எதிர்த்துக் கையெழுத்திட்ட ஏழு பேராசிரியர்களில் இருவர் என்பதால் 1837இல் வேலை இழந்தார்கள். வேலை போன மறு ஆண்டில்தான் ஜெர்மன் அகராதிப் பணியை ஒப்புக்கொண்டார்கள். பல்கலைக்கழகமே ஊராக இருக்கும் இடத்தில் அறிஞரைத் தெருவுக்கு அறிமுகப்படுத்தப் புகழ்பெற்ற நூலின் பெயர் தேவைப்படுவதில்லை என்பது இலண்டனுக்கும் கோட்டிங்கனுக்கும் உள்ள வேறுபாடு.

பலகைகளைப் பற்றிப் புதிதாக அறிய வருகிறவர்கள் பலர் நினைத்துக்கொள்வது ஒன்று உண்டு: பலகை பதித்துவிட்டால் அந்த வீட்டை இடிக்க முடியாது என்பது. அப்படி எதுவும் இல்லை. பலகைக்குச் சட்டக் காப்பு எதையும் தரும் ஆற்றல் கிடையாது. கட்டடத்தைக் காக்க வேண்டுமானால் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும். அது வேறு துறை, வேறு விதி. டோல்கீன் வீட்டுக்குப் பலகை வந்தது 2002இல், பட்டியலில் இடம் கிடைத்தது 2004இல். இவை இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகள். பைரன் வீட்டின் கதையை மேலே பார்த்தோம். காஃப் சதுக்கத்து வீடும் பலகை பதித்த பிறகு அச்சகமாகவும் கிடங்காகவும் சீரழிந்துதான் கிடந்தது. 1911இல் செசில் ஹார்ம்ஸ்வர்த் என்பவர் தம் பணத்தில் வாங்கிச் செப்பனிட்டதால் பிழைத்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அகராதி உருவான மேல்மாடி சேதமடைந்து மீண்டும் சரிசெய்யப்பட்டது. பலகை அந்த வீட்டைக் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. காப்பாற்ற வேண்டியது எந்த வீடு என்று காப்பாற்ற மனமுள்ள ஒருவருக்கு அது காட்டிக்கொடுத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வீடு போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. சங்க நூல்களையும் காப்பியங்களையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர், சென்னைத் திருவல்லிக்கேணியில் பிள்ளையார் கோயில் தெருவில் பல்லாண்டுகள் வாழ்ந்த வீட்டுக்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயர் வைத்திருந்தார். கும்பகோணம் கல்லூரியில் தமக்கு இடம் கிடைக்கச் செய்த தியாகராச செட்டியாரின் நினைவாக வைத்த பெயர் அது. தம் வீட்டு வாசலில் இன்னோர் அறிஞரின் பெயரை எழுதி வைத்ததால், அந்த முகப்பே ஒரு வகையில் நினைவுப் பலகைதான். 2012இல் அந்த வீடு இடிக்கப்பட்டது. அவருடைய சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் அரசின் நினைவு இல்லம் இருக்கிறது. ஆனால் சொந்த ஊர் வேறு, ஏடுகளும் அச்சுப்படிகளும் அடுக்கிக் கிடந்த பட்டறை வேறு. இலண்டன் விதியின்படி பார்த்தால் திருவல்லிக்கேணியில் இனிப் பலகை பதிக்கத் தகுந்த சுவரே இல்லை.

பட்டறை போனாலும் வீடு நிற்கும் இடமும் உண்டு. ஆக்ஸ்போர்டு பான்பரி சாலை 78ஆம் எண் வீட்டின் பலகை, ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே 1885 முதல் 1915 வரை அங்கே வாழ்ந்ததைச் சொல்கிறது. அறிஞர் பலகைகளில் இது அபூர்வமானது, ஏனெனில் அவர் செய்த வேலையை இது நேராகவே பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆனால் அந்த வேலை நடந்தது வீட்டுக்குள் அன்று. தோட்டத்தில் போட்ட இரும்புத் தகரக் கொட்டகையில். பக்கத்து வீட்டாரின் பார்வையை மறைக்கக் கூடாது என்பதற்காகக் கொட்டகையைத் தரைக்குள் சில அடி இறக்கிக் கட்டியதால் உள்ளே எப்போதும் ஈரமும் குளிரும். மரே குளிருக்குக் கனமான கோட்டை மாட்டிக்கொண்டு, காலில் காற்றுப் படாமலிருக்கக் கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு எழுதுவார். சுவர் முழுவதும் புறாக்கூடு போன்ற சின்னச் சின்ன அறைகள்; அவற்றில், உலகெங்கும் இருந்து தன்னார்வலர்கள் சொல்லுக்கு ஒன்றாக எழுதி அனுப்பிய சீட்டுகள். அவருடைய பிள்ளைகள் பதினொரு பேரும் அந்தச் சீட்டுகளை அகரவரிசைப்படுத்திக் கைச்செலவுக்குக் காசு சம்பாதித்தார்கள். ‘டி’ (T) எழுத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது 1915இல் அவர் இறந்தார். அகராதி முடிந்தது 1928இல்.

கொட்டகை இன்று இல்லை. தெருவிலிருந்து பார்த்தால் வீடும் பலகையும் தெரியும். வீட்டுக்கு வெளியே நடைபாதையில் ஒரு சிவப்புத் தபால் பெட்டியும் நிற்கிறது. நாள்தோறும் மரே அனுப்பிய கடிதங்களின் குவியலைக் கண்டு தபால் துறை அவருக்காகவே அங்கே கொண்டுவந்து நட்ட பெட்டி அது. அதன் மேல் எந்த வாசகமும் இல்லை.